தாமுவேயில் கவிழ்த்துப்போட்ட சீட்டு

எனக்கு எழுபத்திரண்டு வயது. ஆறு பேரை வளர்த்து ஆளாக்கினேன். நாலு நான் பெற்றது, ரெண்டு என் கொழுந்தன் விட்டுப்போனது. நான் மூணாம் வகுப்போடு நின்றவள். எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன். பிழை இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும், என் பேத்தி செல்வி உள்பட யாரும் திருத்தவேண்டாம்.

ரங்கூன் போய்வந்தவள் பகோடாவைப் பற்றி எழுதுவாள் என்று நினைப்பீர்கள். பார்த்தேன். பெரிசுதான், தங்கம்தான். அதை எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் எழுதப்போவது சீட்டாட்டத்தை. என் மூத்த மகன், "அம்மா, இதையெல்லாம் வெளியில சொல்லாதீங்க, வெளிநாடு போய் ரம்மி ஆடிட்டு வந்திருக்காங்கன்னு பேசுவாங்க" என்றான். பேசட்டும். நான் காசு வைத்து ஆடவில்லை.

என் தங்கை பாக்கியம் கல்யாணமாகி ரங்கூனுக்குப் போனவள் அங்கேயே தங்கிவிட்டாள். தாமுவே என்கிற இடத்தில் வீடு. புருஷன் போய்ச் சேர்ந்து ரெண்டு வருஷம். இட்லி, வடை, அந்த ஊர்ப் பருப்புத் தட்டை பேஜோ எல்லாம் போட்டு விற்றுத்தான் பிழைப்பு. பங்குனியில் அவர்கள் தெருக் கோயில் திருவிழா வரும். அந்தப் பத்து நாள் வியாபாரம்தான் அவளுக்கு வருஷத்தை ஓட்டும். திருவிழா நெருங்கும் நேரத்தில் பஸ்ஸிலிருந்து விழுந்து வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். போன் கடையிலிருந்து பேசினாள். "அக்கா, அரைக்க ஆளில்ல" என்றாள். நான் புறப்பட்டுவிட்டேன்.

முதல் நாளே அவள் எப்படி விழுந்தாள் என்று எனக்குப் புரிந்துவிட்டது. அந்த ஊரில் வண்டிகள் ரோட்டின் வலப்பக்கம் போகின்றன. ஆனால் பஸ்ஸெல்லாம் ஜப்பானிலிருந்து வந்த பழசு, வாசல் இடப்பக்கம் இருக்கிறது. அதனால் இறங்குகிறவள் நடுரோட்டில் இறங்குகிறாள். பின்னால் வருகிற வண்டிக்காரன் புண்ணியவானாக இருந்தால் பிழைப்பாள். நம்மூர் பஸ்ஸைத் திட்டிக்கொண்டிருந்த நான் அன்றோடு திட்டுவதை நிறுத்தினேன்.

என்னை அழைக்க வந்தவள் பாக்கியத்தின் மகள் துளசி. ஊரார் அவளை மா தூஸா என்கிறார்கள். நான் பேசுகிற தமிழ் அவளுக்கு விளங்கும், பதில் மட்டும் பாதி பர்மா பாஷையில் வரும். நாங்கள் ஏறின டாக்சியின் தரையில் ஒரு ஓட்டை. காலடியில் ரோடு ஓடுகிறது. "துளசி, இது என்ன?" என்றேன். "காத்து வரும் பெரியம்மா" என்றாள்.

வீட்டுக்குப் போனதும் பாக்கியம் கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு மொஹிங்கா ஊற்றித் தந்தாள். மீனும் வாழைத்தண்டும் போட்டுக் கொதிக்கவைத்த குழம்பில் சேமியா மாதிரி நூடுல்ஸ். காலைச் சாப்பாட்டுக்கு மீனா என்று முதலில் முகத்தைச் சுளித்தேன். ரெண்டாவது கிண்ணம் கேட்டு வாங்கினேன். உளுந்து ஊறப்போட்டிருந்தாள். நம்மூர் கடையில் பர்மா உளுந்து என்று விற்கிறார்களே, அது பிறந்த ஊரிலேயே அதை அரைக்கப்போகிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

"கடையை எங்கடி போடுவே?" என்று கேட்டேன்.

"சாக்கடைக்குப் பின்னால" என்றாள். முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மறுநாள் துளசி கொண்டுபோய்க் காட்டினாள். கோயில் வாசலை ஒட்டி ஒரு தூங்குமூஞ்சி மரம். அதன் நிழலில் ஒரே ஒரு கடைக்குத்தான் இடம். உள்ளே போகிறவனும் வெளியே வருகிறவனும் அதைத் தாண்டாமல் முடியாது. மற்றக் கடைகளெல்லாம் வெயிலில் வரிசையாகப் போகும். கடைசி இடம் சாக்கடைக்கு அந்தப் பக்கம். அங்கே உட்கார்ந்து வடை சுட்டால் ஈதான் வாங்கித் தின்னும். ரெண்டு வருஷமாக என் தங்கைக்கு அந்த இடம்.

மர நிழல் மூணு வருஷமாகச் சண்முகத்திடம். ஊரில் அவருக்கு ஊ சான் வின் என்று பேர். ஐம்பது வயதிருக்கும், நல்ல சிவப்பு லோன்ஜிக் கைலி, வெள்ளைச் சட்டை. அத்தோ என்கிற நூடுல்ஸ் கடை போடுகிறவர். "இடத்தை யார் கொடுக்கிறது?" என்றேன். துளசி சிரித்துக்கொண்டே, "சீட்டு கொடுக்கும்" என்றாள்.

இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள காதர் பாயின் தேநீர்க் கடைக்குப் போனேன். காதர் பாய் பிறந்தது ரங்கூனில் என்றாலும் அவர் தாத்தா தொண்டியிலிருந்து கப்பலேறினவர். நான் தொண்டிப் பக்கம் என்றதும் நாற்காலியைத் துண்டால் துடைத்துப் போட்டார். கோயிலில் அவருக்குக் கடை கிடையாது, அதனால் அவர்தான் நடுவர்.

"முன்னாடி ஏலம் விட்டாங்க அக்கா. பணக்காரன் எடுத்தான். அப்புறம் குலுக்கிப் போட்டாங்க, துண்டுக் காயிதத்தை மடிச்சதுல களவுன்னு மண்டை உடைஞ்சுது. எங்க வாப்பாதான், சீட்டுப் போடுங்கடா, களவாண்டா எல்லாக் கண்ணும் பாக்கும்னு சொன்னாரு. அதுலேர்ந்து வீட்டுக்கு ஒரு கை, ரம்மி. ஜெயிச்ச வீட்டுக்கு மர நிழல், மத்த இடமெல்லாம் கோயில்காரங்க குடுக்கிறதுதான். பகல்ல, கதவைத் திறந்து வச்சு. காசு கிடையாது. சூதாட்டம்னு யாரும் சொல்லிடக் கூடாதில்ல."

பாக்கியத்தின் புருஷன் இருந்தவரை அவர் உட்கார்ந்து தோற்றார். அவர் போனபிறகு ரெண்டு வருஷம் யாரும் உட்காரவில்லை. இந்த வருஷம் தானே உட்காருவது என்று பாக்கியம் முடிவு செய்திருந்தாளாம். கை உடைந்துவிட்டது. ஒற்றைக் கையில் பதின்மூன்று சீட்டை எப்படிப் பிடிப்பாள்?

"நான் உக்காருறேன்" என்றேன்.

எங்கள் தெருவில் உலை இறக்கின பிறகு, ஆண்கள் தூங்குகிற நேரத்தில், ஐந்தாறு பொம்பளைகள் கூடிச் சீட்டுப் போடுவோம். புளியங்கொட்டைதான் கணக்கு. நான் உட்கார்ந்தால் மற்றவர்களுக்குக் கொட்டை மிஞ்சாது. இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை என்று சொல்லமாட்டேன். பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

தெரியாதவர்களுக்காக ஆட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். ஆளுக்குப் பதின்மூன்று சீட்டு. ஒரே ஜாதிச் சீட்டை வரிசையாகச் சேர்க்கவேண்டும், அல்லது ஒரே எண்ணில் மூன்று. ஜோக்கர் எந்தச் சீட்டுக்கும் பதிலாக உட்காரும். ஆனால் ஜோக்கர் கலக்காத சுத்த வரிசை ஒன்று கட்டாயம் வேண்டும். அதற்கு லைஃப் என்று பேர். பேருக்கேற்ற மாதிரி அதுதான் உயிர். ஒருத்தர் முடித்துவிட்டால் மற்றவர் கையில் சேராமல் கிடப்பதை எண்ணி அவர் கணக்கில் ஏற்றுவார்கள். லைஃப் இல்லாமல் மாட்டினால் எண்பது வரைக்கும் ஏறும். இருநூறைத் தாண்டினவர் எழுந்து வீட்டுக்குப் போகவேண்டியது. ஆடப் பிடிக்காத கையை ஆரம்பத்திலேயே கவிழ்த்துப்போடலாம். அதுதான் ஸ்கூட். இருபதோடு போய்விடும்.

புதிதாக ஆடவருகிறவர்களுக்கு இந்தக் கவிழ்க்கிறதுதான் வராது. கையில் விழுந்துவிட்டது, இனி இதை வைத்துக் குடித்தனம் நடத்தியாகவேண்டும் என்று நினைத்துவிடுகிறார்கள். மீன்காரி கூடையை இறக்கிவிட்டாள் என்பதற்காகவா மீன் வாங்குகிறோம்? செவுளைத் தூக்கிப் பார்க்கிறோம், வெளுத்திருந்தால் நடந்துவிடுகிறோம். அப்படித்தான் இதுவும். லைஃப் இருக்கிறதா, இல்லை அதற்குப் பக்கத்திலாவது நிற்கிறதா, ஜோக்கர் உண்டா என்று பார். எதுவும் இல்லையென்றால் போட்டுவிடு. ராஜா ராணி முகத்தைப் பார்த்து மயங்காதே. அவர்கள் ஆளுக்குப் பத்து எண்ணிக்கை. மாட்டினால் உன் தலையில்தான் சிம்மாசனம் போடுவார்கள்.

இவ்வளவும் தெரிந்த நான்தான் முதல் ஆட்டத்திலேயே அசடு வழிந்தேன். அதைச் சொல்கிறேன்.

ஆட்டம் காதர் பாய் கடையின் பின்கட்டில் நடந்தது. மூன்று மேசை. ஒவ்வொரு மேசையிலும் கடைசிவரை நிற்கிறவர் மறுசுற்றுக்குப் போவார். எங்கள் மேசையில் நாலு பேர். நான் உட்கார்ந்ததும் பக்கத்து மேசையிலிருந்த சண்முகம் எழுந்தார்.

"பாய், இந்தியாக்காரங்க எப்படி உக்காரலாம்?"

"வீட்டுக்கு ஒரு கை. அந்த வீட்டுச் சோத்தை இன்னைக்குத் தின்னவங்க யாரும் உக்காரலாம். உங்க அப்பா மோல்மீன்லேர்ந்து மாப்பிள்ளையைக் கூட்டியாந்து உக்கார வச்சப்ப நீ சின்னப் பையன், மறந்திருப்பே."

"பொம்பளை உக்காந்ததே இல்லையே."

"உக்காரக் கூடாதுன்னு யாரும் சொன்னதும் இல்லையே" என்றேன் நான். "சொல்றதுன்னா இப்பச் சொல்லுங்க தம்பி, கேட்டுக்கிறேன். கேட்டுக்கிட்டு ஆடுறேன்."

முதல் கை வந்தது. குப்பை. ஒன்றோடு ஒன்று பேசாத பதின்மூன்று சீட்டு. வீட்டில் செய்கிற மாதிரி மேசையில் கவிழ்த்தேன்.

கடையில் எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. காதர் பாய் கொஞ்சம் சங்கடமாக, அந்த ஊர் மேசையில் எல்லாம் இருக்கிற பச்சைத் தேயிலைத் தண்ணிக் கெட்டிலை என் பக்கம் நகர்த்தினார்.

"என்ன பாய்?"

"கவிழ்த்தவங்க எழுந்திரிச்சு எல்லாருக்கும் ஒரு சுத்து ஊத்தணும் அக்கா. அது இங்க வழக்கம். முன்னாடி எல்லாரும் கவிழ்த்துக் கவிழ்த்து ஆட்டம் மூணு நாள் ஓடுச்சு, வாப்பா இப்படி வச்சாரு. அதுக்கப்புறம் ஒருத்தரும் கவிழ்க்கிறதில்லை."

நான் பாக்கியத்தைத் திரும்பிப் பார்த்தேன். அவள் கூரையைப் பார்த்தாள். தெரிந்தே சொல்லாமல் விட்டிருக்கிறாள். சொன்னால் நான் உட்காரமாட்டேன் என்று அவளுக்குத் தெரியும்.

என் சம்பந்திக்கே நான் நின்று ஊற்றினதில்லை. முன்பின் தெரியாத பத்து ஆம்பிளைக்கு, அதுவும் அவர்கள் காலை நீட்டி உட்கார்ந்திருக்க, நான் கெட்டிலைத் தூக்கிக்கொண்டு சுற்றுவதா? "ஊத்த முடியாதுன்னா?" என்றேன். "ஊத்தாட்டி கவிழ்த்ததாகாது, சீட்டை எடுத்துக்கிட்டு ஆடவேண்டியதுதான்" என்றார் பாய். எடுத்துக்கொண்டேன். ஆடினேன். எண்பது ஏறியது.

அடுத்த கையும் சுமார்தான். அதையும் விடாமல் பிடித்தேன், அதிலும் நாற்பதுக்கு மேல் ஏறியது. காதர் பாய் கரும்பலகையில் எழுதுகிற சத்தம் என் முதுகில் எழுதுகிற மாதிரி இருந்தது. வாசல் பக்கம் நின்றவர்கள் பர்மாவில் ஏதோ பேசிச் சிரித்தார்கள். துளசியைக் கேட்டேன். சொல்ல மறுத்தாள். "சொல்லுடி" என்றேன்.

"இந்தப் பாட்டிக்குக் கப்பல் கட்டணம் வீண்னு சொல்றாங்க."

அப்போது பாக்கியம் என் காதருகில் குனிந்தாள். "அக்கா, கல்யாணமானதுலேர்ந்து இவங்களுக்கு நான் ஊத்துறேன். கை தேயலை. கை உடைஞ்சது பஸ்ஸால. அந்த மனுஷனும் இப்படித்தான், ஊத்த மாட்டேன்னு உக்காந்து உக்காந்து தோத்தாரு. நான் பின்னால நின்னு பாத்துக்கிட்டே இருந்தேன்."

அதற்குப் பிறகுதான் என் கண் மேசையைப் பார்த்தது. அதுவரை என் மானத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. எதிரே ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்ந்த மேஸ்திரி. சீட்டை விரித்தார், பெருமூச்சு விட்டார், கெட்டிலை ஒரு தடவை பார்த்தார், மறுபடி சீட்டை அடுக்கினார். அவர் பக்கத்தில் இருந்தவரும் அப்படியே. அத்தனை பேரும் குப்பையைக் கட்டிக்கொண்டு அழுகிறார்கள். கவிழ்க்க யாருக்கும் இஷ்டம்தான், எழுந்திருக்கத்தான் மனசில்லை.

அடடா, இந்தத் தெருவில் இருபதோடு தப்பிக்கத் தெரிந்தவர் ஒருத்தரும் இல்லையே. இடம் கெட்டிலுக்குள்தானே இருக்கிறது.

அடுத்த கை வந்தது. மோசம். கவிழ்த்தேன். முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினேன். எழுந்து கெட்டிலைத் தூக்கினேன்.

"இந்தியாவிலேர்ந்து தேத்தண்ணி ஊத்த ஆள் வந்திருக்கு" என்றார் சண்முகம், அவர் மேசையிலிருந்தபடியே. எல்லோரும் சிரித்தார்கள்.

"குடிங்க தம்பி" என்றேன். "சூடு ஆறுறதுக்குள்ள ரெண்டு பேரு வீட்டுக்குப் போயிருப்பாங்க."

போனார்கள். நான் கவிழ்த்துக் கவிழ்த்து ஊற்றினேன். நல்ல கை வந்தபோது மட்டும் உட்கார்ந்து முடித்தேன். ஒருத்தர் எழுந்தார், இன்னொருத்தர் எழுந்தார். கடைசியில் மேஸ்திரியும் நானும் நின்றோம். நல்ல ஜோக்கர் ரெண்டு எனக்கு வந்ததால் அவரும் எழுந்தார். போகும்போது, "டோ இந்தியா, உங்க தேத்தண்ணி கசக்குது" என்றார். அந்த ஊரில் மரியாதைப்பட்ட பெண்ணின் பேருக்கு முன்னால் டோ போடுவார்கள். அன்றிலிருந்து தெரு முழுக்க எனக்கு அதுதான் பேர்.

மறுநாள் ஆட்டம் இல்லை. தன்லியின் என்கிற ஊரில் வாழை இலை மலிவு என்று பாக்கியம் சொன்னாள். ஆற்றுப் பாலத்துக்கு அந்தப் பக்கம். துளசியும் நானும் போனோம். நிறுத்தத்தில் முதலில் வந்த வண்டியில் ஆட்கள் வாசலில் கொத்தாகத் தொங்கினார்கள். துளசி ஓடினாள். நான் நகரவில்லை. ரெண்டாவதும் அப்படியே வந்தது. "பெரியம்மா, எல்லாரும் ஏறுறாங்க" என்றாள். "ஏறட்டும், நாம உக்காந்து போகணும்" என்றேன். வெயிலில் நின்றோம். நாலாவதில் இடம் கிடைத்தது.

அதுவும் பாலத்தின் நடுவில் நின்றுபோனது. டிரைவர் கிழவி என்னை விட்டுவிட்டு மற்ற எல்லோரையும் இறக்கித் தள்ளச் சொன்னான். வாத்துக் கூடையோடு ஒரு பர்மாக்காரி, கன்னத்தில் மஞ்சளாகத் தனகா மரச் சாந்து பூசியிருந்தாள், கூடையை என் மடியில் வைத்துவிட்டுத் தள்ளப் போனாள். வண்டி கிளம்பினதும் வந்து உட்கார்ந்து நீளமாக என்னவோ சொன்னாள். "இந்த வண்டி பொறந்தப்ப அவங்க அம்மாவுக்குக் கல்யாணம் ஆகலைன்னு சொல்றாங்க" என்றாள் துளசி. வாத்துக்காரி எனக்கு ஊறவைத்த தேயிலையில் பூண்டும் வறுத்த பருப்பும் சேர்த்துப் பிசைந்ததை ஒரு இலையில் தந்தாள். தேயிலையைத் தின்பார்கள் என்று யாராவது எழுதியிருந்தால் நான் நம்பியிருக்கமாட்டேன். நன்றாக இருந்தது. நாக்கில் கசந்து தொண்டையில் இனித்தது.

திரும்பி வந்தபோது பாக்கியம் வாசலில் உட்கார்ந்திருந்தாள். கட்டுப்போட்ட கையால் வடைச் சட்டியைத் தேய்க்கப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிடுங்கி வைத்தேன்.

"சாக்கடைப் பக்கமே கெடைச்சாலும் பரவாயில்ல அக்கா" என்றாள்.

"உனக்குப் பரவாயில்லையா?"

கட்டுப்போட்ட கையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள். "போன வருஷம் மாவு மிஞ்சி மிஞ்சிக் கொட்டினேன். துளசியைத் தையல் கடையில விட்டுட்டு, இந்தப் பொழைப்பை விட்டுறலாம்னு இருக்கேன். இந்தத் தடவையும் அங்கதான்னா விட்டுருவேன்."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் நான் திட்டியிருப்பேன். சட்டியை நான் தேய்த்தேன்.

கடைசி ஆட்டத்துக்கு மூன்று பேர். நான், சண்முகம், இன்னொரு மேசையில் ஜெயித்த ஒரு பாத்திரக் கடைக்காரர். அன்று கதவுக்கு வெளியிலும் ஆட்கள்.

சண்முகமும் சும்மா இருக்கவில்லை. நான் ஊற்றி ஜெயித்ததை அவர் பார்த்திருக்கிறாரே. ரெண்டாவது கை அவருக்குப் பிடிக்கவில்லை. கவிழ்த்தார். கவிழ்த்துவிட்டு அவர் பெண்சாதியைத் திரும்பிப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். அந்தம்மா வந்து கெட்டிலைத் தொட்டது.

"வைம்மா" என்றேன். அந்தம்மா வைத்துவிட்டது. "பாய், இது எந்த ஊரு நியாயம்? கவிழ்த்தது அவரு. சீட்டுப் பிடிச்ச கைதான் கெட்டிலைப் பிடிக்கணும்."

"வீட்டுக்கு ஒரு கைதானே, எங்க வீட்டுக் கைதானே அதுவும்" என்றார் சண்முகம்.

"அப்ப சீட்டையும் அந்தக் கையிலேயே குடுங்க. நான் அதோட ஆடிக்கிறேன்."

சனம் சிரித்தது. சண்முகத்தின் பெண்சாதி வாயை மூடிக்கொண்டது, சிரிக்காமலிருக்க. காதர் பாய் தாடியைத் தடவினார். "எங்க வாப்பா காலத்துல யாரும் ஆளை வச்சு ஊத்தினதில்லை" என்றார். "கவிழ்த்தவங்க ஊத்தணும்."

சண்முகம் சீட்டை எடுத்துக்கொண்டார். அந்தக் கையில் நிறைய ஏறியது. பாத்திரக் கடைக்காரர் சீக்கிரமே எழுந்துபோனார். அவர் ஒரு தடவைகூடக் கவிழ்க்கவில்லை. பிறகு நாங்கள் ரெண்டு பேர்.

ஆனால் சண்முகம் ஆட்டம் தெரியாதவர் இல்லை. சீட்டு எனக்கு முகம் காட்டாத நேரம் ஒன்று வந்தது. கவிழ்த்துக் கவிழ்த்து ஊற்றியே என் கணக்கு நூற்று அறுபத்தைந்துக்கு வந்துவிட்டது. அவர் நூற்று முப்பதில் இருந்தார்.

அப்போது ஒரு கை வந்தது. மூன்று ஜாதியில் மூன்று ராஜா. ரெண்டு ராணி. ஒரு ஆஸ். பின்னால் நின்றவர்கள் பார்த்துவிட்டு முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். பாக்கியம் மூச்சை இழுத்தாள். பார்வைக்கு லட்சணமான கை. மூன்று ராஜா ஒரு சேர்க்கைதான், மறுக்கவில்லை. ஆனால் மீதிப் பத்தையும் பார்த்தேன். அதில் லைஃப் இல்லை, லைஃப் வர வழியும் இல்லை, ஜோக்கர் ஒன்றுகூட இல்லை. லைஃப் வராவிட்டால் அந்த ராஜாக்களே என்னைப் புதைப்பார்கள்.

கவிழ்த்தால் என் கணக்கு நூற்று எண்பத்தைந்து. அதற்கப்புறம் நான் கவிழ்க்க முடியாது. அடுத்த கை எது வந்தாலும் ஆடியே தீரவேண்டும். ஆடினாலோ இன்றோடு முடிந்தது.

"அக்கா, அது ராஜா" என்று பாக்கியம் மெல்லச் சொன்னாள்.

"ராஜாவா இருந்தா இருந்துட்டுப் போறான்" என்றேன். கவிழ்த்தேன்.

கெட்டிலை எடுத்துக்கொண்டு சுற்றினேன். கிண்ணங்கள் சின்னவை, பிடியில்லாதவை. ஒன்றிலும் சிந்தவில்லை. சண்முகத்துக்கு ஊற்றும்போது அவர், "டோ இந்தியா, இது கடைசிச் சுத்து" என்றார். "ஆமா தம்பி" என்றேன். "இனிமே நான் ஊத்த முடியாது. நீங்க ஊத்தலாம்."

அடுத்த கை பிரித்தார்கள். எனக்குக் கிளாவரில் நாலு, அஞ்சு, ஆறு. லைஃப். ஒரு ஜோக்கர். மற்றதெல்லாம் சில்லறை. பெரிய கை இல்லை. ஆனால் உயிருள்ள கை.

எதிரே சண்முகம் சீட்டை விரித்தார். மூடினார். மறுபடி விரித்தார். அவர் கண் கெட்டிலுக்குப் போனது. எனக்குத் தெரிந்துவிட்டது, அவர் கை குப்பை. கவிழ்த்தால் அவருக்கு நூற்று ஐம்பதுதான். அடுத்த கையில் என்னைப் பார்த்துக்கொள்ளலாம், எனக்குத்தான் தப்பிக்க வழியில்லை. அவர் செய்யவேண்டியது எழுந்து நின்று ஒரு சுற்று ஊற்றுவது. எனக்கும், என் தங்கைக்கும், துளசிக்கும், சுற்றி உட்கார்ந்திருந்த மேஸ்திரிக்கும், தன் பெண்சாதிக்கும்.

வெகு நேரம் உட்கார்ந்திருந்தார். வெளியே ஒரு சைக்கா ரிக்ஷா மணியடித்துக்கொண்டு போனது. சண்முகத்தின் பெண்சாதி தாழ்ந்த குரலில், "ஊத்திடுங்களேன்" என்றது.

அவர் கழுத்து சிவந்தது. சீட்டுக் கட்டிலிருந்து ஒன்றை எடுத்தார். ஆடத் தொடங்கிவிட்டார்.

எனக்கு ரெண்டு சீட்டு சீக்கிரம் வந்தது, ஒன்று தாமதித்து வந்தது. அவர் என் முகத்தைப் பார்த்தார், நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. முடித்து விரித்தேன். பாய் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்து, "சரி" என்றார். சண்முகத்தின் கையை விரித்தார்கள். லைஃப் இல்லை. ராணியும் ஜாக்கியும் பத்துமாகக் கிடந்தன. எண்பது. இருநூற்றுப் பத்து.

மேஸ்திரி, "தேத்தண்ணி கசக்குதுன்னு அன்னைக்கே சொன்னேன்" என்றார்.

பாக்கியம் என் தோளைப் பிடித்தாள், நல்ல கையால். பிடித்த பிடியில் சேலை கிழிந்துவிடும் போலிருந்தது.

திருவிழா பத்து நாளும் மர நிழலில் கடை போட்டோம். நான் அரைத்தேன், துளசி சுட்டாள், பாக்கியம் உட்கார்ந்துகொண்டு ஒற்றைக் கையால் பொட்டலம் கட்டக் கற்றுக்கொண்டாள். ஒரு நாளும் மாவு மிஞ்சவில்லை. சண்முகம் வெயிலில் வரிசை நடுவில் அத்தோ போட்டார். சாக்கடைப் பக்கம் இந்த வருஷம் பாத்திரக் கடைக்காரருக்கு, அவருக்குப் பாத்திரத்தில் ஈ உட்கார்ந்தால் என்ன.

கடைசி நாள் கோயில் பெரியவர்கள் நாலு பேர் காதர் பாயோடு வந்தார்கள். வடை சாப்பிட்டுவிட்டு மெல்லப் பேச்செடுத்தார்கள். இந்தத் தேத்தண்ணி வழக்கத்தால் தெருவுக்குள் மனஸ்தாபம், பெரிய மனுஷருக்கு அவமானம், அடுத்த வருஷத்திலிருந்து எடுத்துவிடலாம் என்று. கவிழ்க்கிறவர் கவிழ்க்கட்டும், யாரும் யாருக்கும் ஊற்றவேண்டாம்.

"உங்க வீடுதான் இந்த வருஷம் ஜெயிச்ச வீடு, ஒரு வார்த்தை கேக்கணும் இல்லையா" என்றார் பாய். "அக்கா என்ன சொல்றீங்க?"

நான் எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டேன்.

"எடுக்கவேண்டாம். உங்க வாப்பா வச்சது நல்ல வழக்கம். அடுத்த வருஷம் நான் வரமாட்டேன். என் தங்கச்சி கை சேர்ந்துரும், அவளே உக்காருவா. அவளுக்கு ஊத்தத் தெரியும். யாருக்கு அவமானமோ அவங்க வீட்டுலயே இருக்கட்டும்."

பெரியவர்கள் ஒருத்தரையொருத்தர் பார்த்தார்கள். பாக்கியம் என்னைப் பார்க்கவில்லை, அவர்களையே பார்த்துக்கொண்டு, "இன்னும் ரெண்டு வடை வைக்கட்டுமா?" என்றாள்.

நான் ஊர் திரும்பின பிறகு, வழக்கம் அப்படியே இருக்கிறது என்று பாக்கியம் போனில் சொன்னாள்.

அவ்வளவுதான் எழுதவேண்டியது. அடியே செல்வி, அந்த டிவியை அமத்திட்டு இங்க வா. இதை முதல்லேர்ந்து எனக்கு வாசிச்சுக் காட்டு. வேகமா ஓடாதே. நான் ராஜாவைக் கவிழ்த்த இடம் வந்தா, அதை ரெண்டு தடவை வாசி.